நான் ஏறினால் நிற்கும் வண்டி

3 ஜூலை 1944, திங்கள்

இன்றும் நின்றுவிட்டது. சேந்தமங்கலத்தில் கரி போட்டுக்கொள்ளும் வரைக்கும் நன்றாகத்தான் ஓடியது. ஊரைத் தாண்டியதும் இருமல், திணறல், அப்புறம் ஒன்றுமில்லை. அவர் இறங்கிப் பின்னால் போய், கரி கனலும்படி விசிறியைச் சுற்றினார். "வா சாமி, வா கண்ணு, இன்னுங் கொஞ்ச தூரந்தான்" என்று வண்டியைக் கெஞ்சினார். கலியாணமாகி இத்தனை வருஷத்தில் என்னை ஒருநாள் கண்ணு என்று கூப்பிட்டதில்லை. சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

நாமக்கல் போய்ச் சேர்ந்தபோது லேடி டாக்டர் கிளம்பிப் போயிருந்தார். எனக்கு ஏன் இன்னும் குழந்தை இல்லை என்று கேட்கப் போனோம். கேட்காமலே திரும்பினோம்.

காரவள்ளியில் எங்கள் வீட்டில் மட்டும்தான் கார். யுத்தம் வந்து பெட்ரோல் கிடைக்காமல் போனதும் அவர் வண்டிக்குப் பின்னால் ஓர் இரும்புப் பீப்பாயைக் கட்டிவிட்டார். அதில் கரியைப் போட்டுப் பற்றவைத்து, வரும் கரிவாயுவில் வண்டி ஓட வேண்டும். அவர் தனியாகப் போனால் ஓடுகிறது. நான் ஏறினால் நிற்கிறது. ஏன்?

9 ஜூலை, ஞாயிறு

ராசிபுரத்தில் சித்தி மகளுக்குச் சீர். கிளம்பும்போது அத்தை வழக்கம்போல் மஞ்சள் தண்ணீர் கரைத்துக்கொண்டு வந்தார். வீட்டுப் பெண்கள் வண்டியேறினால் வேப்பிலையால் தெளித்துத்தான் அனுப்புவார். மாட்டு வண்டியானால் மாட்டுக்கும் தெளிப்பார். காருக்கு மாடு இல்லையே! அதனால் பின்னால் கட்டியிருக்கும் கரிமூட்டைமேல் சொம்பைக் கவிழ்த்துவிடுவார். "அதுதான வண்டிக்குச் சோறு. சோத்துமேல கண்ணு படப்படாது" என்பார்.

பேளுக்குறிச்சியில் மூட்டையை அவிழ்த்துக் கரி போட்டோம். சற்றுத் தூரத்திலேயே நின்றது. சீர் முடிந்து பந்தி இலை எடுத்தபிறகு போய்ச் சேர்ந்தோம். சித்தி முகம் கொடுத்துப் பேசவில்லை.

10 ஜூலை

அத்தை வாய்விட்டே சொல்லிவிட்டார். வண்டிக்கு ஒன்றுமில்லையாம். ஏறுகிறவள் ராசியாம்.

19 ஜூலை, புதன்

அவர் நாமக்கல் போய், மெக்கானிக்கிடம் எல்லாவற்றையும் கழற்றிக் காட்டிவிட்டு வந்தார். ஒரு கோளாறும் இல்லையாம். போகும்போதும் நிற்கவில்லை, வரும்போதும் நிற்கவில்லை. கரிக்காரர் காளியண்ணன் மலைமேல் குண்டனி நாட்டிலிருந்து தலைச்சுமையாக இறக்கித் தருகிற அதே கரி. அதே ரோடு. ஓட்டுகிறவரும் அவரேதான். நான் மட்டும்தான் வேறு.

நான் நம்புகிறேனா இதை? எட்டாவது படித்தவள். ஆனாலும் இன்று காலையில் வண்டியைத் தாண்டிப் போகையில் சேலை அதன்மேல் படாமல் ஒதுங்கித்தான் போனேன்.

2 ஆகஸ்ட், ஆடிப் பதினெட்டு

மோகனூர்க் காவிரிக்குக் கிளம்பினோம். என் ராசிக்கு ஒரு சொம்பு பத்தாதென்று அத்தை இரண்டு சொம்பு ஊற்றினார். சேந்தமங்கலத்தைத் தாண்டி நட்ட நடு ரோட்டில் படுத்துவிட்டது. மாடு கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். காவிரிக்குப் போன சனமெல்லாம் பார்த்துவிட்டுப் போச்சு. நான் என்னதான் பண்ணினேன்? சும்மா உக்காந்துதானே இருந்தேன்? உக்காந்திருக்கறதுகூடக் குத்தமா?

அவர் என் பக்கம் திரும்பாமல் மாட்டுக்கு முன்னால் நடந்தார். திட்டியிருந்தாலும் தேவலை.

5 ஆகஸ்ட், சனி

அத்தைக்குச் சளி. கசாயம் வைக்கக் குமுட்டியடுப்புக்குக் கரி இல்லை. கார் மூட்டையிலிருந்து எடுத்துப் போட்டேன். புகைகிறது, உஸ்ஸென்கிறது, பிடிக்கவே மாட்டேன் என்கிறது. கண்ணெல்லாம் எரிந்தது. போய் மூட்டைக்குள் கையை விட்டுப் பார்த்தேன். உள்ளே இன்னும் ஈரம். சாக்கெல்லாம் மஞ்சள் கறை.

அவர் தனியாகப் போகும்போது அத்தை தெளிப்பதில்லை. அப்படியானால் — ?

6 ஆகஸ்ட்

அவரிடம் சொன்னேன். சிரித்துவிட்டார். "எங்கம்மா தண்ணி தெளிச்சா வண்டி நிக்குமா? நல்லாருக்குது போ!" மேலே பேசினால், மாமியார் வாழ்த்தி ஊற்றுகிற தண்ணீரைக் குற்றம் சொல்கிறவள் என்று பெயர் வரும். இருக்கிற பெயரே போதும். அதோடு எனக்கும் நிச்சயமாகத் தெரியுமா? ஒருவேளை ராசியும் ஈரமும் இரண்டும்தானோ? ஒன்றும் புரியவில்லை.

14 ஆகஸ்ட், திங்கள்

ஆடி கழியட்டும் என்றுதான் காத்திருக்கிறார்கள். மோகனூரில் அவருக்குப் பெண் பார்க்கப் போகிறார்களாம். பிள்ளையும் இல்லை, ராசியும் இல்லை, இன்னும் எதற்குக் காத்திருப்பது என்று அத்தை அடுப்பங்கரையில் வைத்துச் சொன்னார். குரலை உயர்த்தக்கூட இல்லை.

அவரைக் கேட்கப் போனேன். வண்டிக்கடியில் படுத்திருந்தார், கால் மட்டும் தெரிந்தது. "அம்மாகிட்டப் பேசிக்க" என்றார். அந்தக் காலிடம் நான் என்ன பேச?

24 ஆகஸ்ட், வியாழன்

பெண் பார்க்கப் போய்விட்டார்கள். அத்தை இதுவரை காரில் ஏறியதே இல்லை, பயம். இன்று பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, பூத்தட்டை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்தார். தண்ணீர் தெளிக்க என்னைக் கூப்பிட்டார். "உன் கையால அனுப்பி வெச்சீன்னு ஊரு பாக்கோணும்" என்றார்.

மூட்டையைக் காட்டினேன். "அத்தை, கரி நனைய வேண்டாமுங்க" என்றேன்.

"ஏன், நாங்க நல்லபடியாப் போறது உனக்குப் பொறுக்கலியா?"

பக்கத்து வீட்டார் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஊற்றினேன்.

அதே நாள், சாயங்காலம்

மாட்டு வண்டியில் திரும்பி வந்தார்கள். கார் சேந்தமங்கலம் தாண்டி நிற்கிறதாம். நல்ல நேரம் போய் ராகு காலமும் வந்துவிட்டது. பெண்ணின் தாய்மாமன் சைக்கிளில் எதிரே தேடி வந்தவர், நடுவழியில் நின்றுபோன சம்பந்தம் தங்களுக்கு ஆகாது என்று கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். தட்டிலிருந்த பூ வாடிக் கிடந்தது. அத்தை எதையும் தொடாமல் படுத்துக்கொண்டார்.

25 ஆகஸ்ட்

அத்தை ஊற்றுகிற அளவுதான் ஊற்றினேன். ஒரு சொட்டுகூட அதிகமில்லை. இல்லையா?

31 ஆகஸ்ட், வியாழன்

என் ராசியைப் பற்றி இந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை. வண்டிக்குத்தான் ராசி இல்லையாம். பாவம், வண்டி. மோகனூர்ப் பேச்சும் நின்றுவிட்டது. எனக்குச் சந்தோஷம்தான். சந்தோஷப்படலாமா என்றுதான் தெரியவில்லை.

10 செப்டம்பர், ஞாயிறு

லேடி டாக்டரிடம் மறுபடி போகலாம் என்று அவரே கூப்பிட்டார். ஏறும்முன் கரிமூட்டையை அவிழ்த்து எடுத்துவந்து காலடியில் வைத்துக்கொண்டேன். "அது ஏன் புள்ள அங்க?" என்றார். இருக்கட்டும் என்றேன். அத்தை சொம்போடு வந்தார். மூட்டையைத் தேடிப் பின்னால் போனார், காணாமல் என் பக்கமாக வந்தார். முந்தானையை விரித்து மூட்டையை மூடிக்கொண்டேன். அத்தை என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் தெளித்தார்.

தண்ணீரெல்லாம் என் சேலையில் விழுந்தது. அது காய்வதற்குள் நாமக்கல் வந்துவிட்டது.