காயவைத்த பாறைப்பொடி

என்னவருக்கு, உங்கள் மனைவி வணங்கி எழுதுவது. சாமி புண்ணியத்தில் நான் சுகம். நீங்களும் மகளும் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா?

பயப்படும்படி ஒன்றுமில்லை, இங்கே ஆய்வுக்கூடத்தில் ஒரு தப்பு செய்துவிட்டேன். பூமிக்குள் பல நூறு கிலோமீட்டர் ஆழத்தில் உருகிய பாறை இருக்கிறதாம். அதில் தண்ணீர் கலந்திருந்தால் கரண்ட் சுலபமாக ஓடுமாம். அதைப் பார்க்கத்தான் எங்கள் மேடம் பாறைப்பொடியில் அளந்து தண்ணீர் சேர்த்து, அழுத்தி உருக்கி, கரண்ட் விடுகிறார். பொடியைச் சின்ன உலோகக் குப்பியில் அடைப்பது என் வேலை. போன வாரம் ஒரு நாள் பொடி ஈரமாயிருக்கிறதே என்று, வீட்டில் மாவைக் காயவைக்கிற பழக்கத்தில் ஓவனில் வைத்து எடுத்துவிட்டேன். கரண்ட் சரியாக ஓடவில்லை. மேடம் மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டார்.

நான்காம் நாள் என் நோட்டைப் புரட்டினால், "காயவைத்தது" என்று நானே எழுதியிருக்கிறேன். சாமி கும்பிட்டுவிட்டுக் கொண்டுபோய் மேடத்திடம் காட்டினேன்.

"அக்கா, நீங்க சொல்லலைன்னா பூமிக்குள்ள அவ்வளவு ஆழத்துல தண்ணியே இல்லைன்னு எழுதியிருப்பேன்" என்றார். திட்டவில்லை, அதுதான் தாங்கவில்லை. "முதல்லேருந்து செய்யணும். நீங்க லீவுல போங்க, நான் பாத்துக்கறேன்."

"கெடுத்தது நான். முடிச்சுக் குடுத்துட்டுதான் போவேன்" என்று சொல்லிவிட்டேன்.

அதனால் உங்கள் கண் ஆபரேஷனுக்கு நான் பக்கத்தில் இருக்க முடியாது. கோபித்துக்கொள்ளாதீர்கள். சொட்டு மருந்து போடும் நேரத்தை மகளை எழுதி வைக்கச் சொல்லுங்கள். என் பழைய நூல் புடவையைத் துவைத்துத் தலையணைக்கு விரித்துக்கொள்ளுங்கள். மேடம் கூப்பிடுகிறார். கட்டுப் பிரித்ததும் நாலு வரி எழுதுங்கள். மகள் எழுத வேண்டாம், கோணலாக இருந்தாலும் உங்கள் கையெழுத்தே வரட்டும்.