கழுதையின் இருமல்

மே 31, 1909

இன்று வீட்டைக் காலி செய்தோம். ஜூன் பிறந்துவிட்டால் இந்தக் கடற்கரை ஊரில் எவரும் தன் கட்டிலில் படுப்பதில்லை. அறைகளைக் கடல் காற்றுக்கு வரும் வெளியூர்க்காரர்களுக்கு வாடகைக்கு விட்டுவிட்டுக் கொல்லைக் கொட்டகைக்குப் போய்விடுவோம். பக்கத்து வீட்டு டால்ட்டி அம்மாள் ஆறு பிள்ளைகளோடு கோழிக்கூண்டை ஒட்டி முடங்கிக்கொள்கிறாள். நானும் தங்கை டீலியாவும் இரண்டே பேர். கொட்டகையில் பலகைத் தடுப்புக்கு இந்தப்புறம் நாங்கள், அந்தப்புறம் கழுதை.

கட்டிலின் ஒரு முனையைப் பிடிக்கிறேன் என்று டீலியா வந்தாள். இரண்டடி வைத்ததும் இருமல். லிமரிக் நகரத்துத் துணிக்கடையில் மூன்று வருஷம் நின்று சம்பாதித்தது இதுதான். ஏப்ரலில் வந்து இறங்கியதிலிருந்து, "சளிதான் அக்கா" என்கிறாள். அவளுக்கு இருபத்துமூன்று வயது.

ஜூன் 9

டாக்டர் கன்சிடைன் வந்தார். யாரும் சொல்லாமலே பின்வாசல் வழியாக. அவருக்கும் இந்த ஊர்தானே.

"சளி இல்ல நோனி. உனக்கே தெரியும்" என்றார். "மருந்துன்னு ஒண்ணும் கிடையாது. நல்ல காத்துதான். மாடி முன்னறையில ஜன்னல் ஓரமா கட்டிலைப் போடு. ஜன்னலைச் சாத்தவே சாத்தாதே. இந்தக் காத்துக்குத்தானே ஜனங்க ரயிலேறி வருது."

"அந்த ரூமை விட்டாச்சு டாக்டர். இந்த மாசம் ஆள் இருக்கு, ஜூலை, ஆகஸ்டும் பேசி வச்சாச்சு."

அவர் என்னைப் பார்த்தார். பையை மூடிக்கொண்டு போய்விட்டார்.

பார்க்கட்டும். கால்வின் வீட்டுக் கதை அவருக்குத் தெரியாதா? மூன்று வருஷத்துக்கு முன் அவர்கள் மகன் இருமியது மாடிக்குக் கேட்டது. வாடகைக்கு இருந்த அத்தனை பேரும் அடுத்த ரயிலில் கிளம்பிப் போனார்கள். அதற்குப் பிறகு அந்தக் கதவை ஒருவரும் தட்டவில்லை. வீடு கைமாறிவிட்டது, குடும்பம் எங்கே போனதென்று பேசுவார் இல்லை. எங்களுக்கு இந்த வீட்டை விட்டால் வேறு என்ன இருக்கிறது? அவளையும் அழைத்துக்கொண்டு எந்தத் தெருவில் நிற்பேன்?

டீலியாவிடம் வாக்குக் கொடுத்துவிட்டேன். செப்டம்பர் முதல் தேதி முன்னறை உனக்கு. ஜன்னலோடு.

ஜூலை 3

லிமரிக்கிலிருந்து ஹார்ட்டிகன் குடும்பம் வந்து சேர்ந்தது. புருஷன் தானிய வியாபாரி, சனிக்கிழமைதோறும் வருவாராம். அந்த அம்மாள் முன்னறைக்குள் நுழைந்ததும் ஜன்னலைத் திறந்து மூச்சை இழுத்து விட்டாள். "அப்பாடா, இதுக்கே வரணும்" என்றாள். பின்னால் பெட்டியோடு நின்றேன்.

ஜூலை 8

வாடகைக்கு இருக்கும் மூன்று குடும்பத்து இறைச்சியும் ஒரே பானையில். அவரவர் வாங்கி வந்து கொடுப்பதை நான் வேகவைத்துக் கொடுக்க வேண்டும். ஒருவருடையது இன்னொருவர் தட்டுக்குப் போய்விடாதபடி துண்டுக்கு ஒரு நூல் கட்டுகிறேன். ஹார்ட்டிகன் குடும்பத்துக்குச் சிவப்பு. நூலெல்லாம் டீலியாவின் தையல் பெட்டியிலிருந்து.

பானையிலிருந்து எடுத்துக்கொண்டிருக்கும்போது அந்த அம்மாள் சமையலறைக்கே வந்துவிட்டாள்.

"மிஸ் மாரினன், பின்னால யாரோ இருமறாங்களே. ரெண்டு நாளாக் கேக்குது."

"கழுதைம்மா" என்றேன்.

எங்கிருந்து வந்தது அந்தச் சொல் என்று தெரியவில்லை. வாய் கூசவில்லை எனக்கு.

"ஐயோ பாவம். ஆளி விதையைக் கஞ்சியாக் காய்ச்சிக் குடுங்க. எங்க வீட்டுக் குதிரைக்கு அப்படித்தான் சரியாச்சு."

அவள் நல்ல பெண்பிள்ளை. அதுதான் இன்னும் வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

கஞ்சி காய்ச்சிக் கொண்டுபோனேன். மறைக்காமல் சொல்லிவிட்டேன். டீலியா சிரித்துச் சிரித்து மூச்சு திணறிப்போனாள். "கழுதைன்னு சொன்னியே, சந்தோஷம். கோழின்னு சொல்லியிருந்தா அறுத்துத் தரச் சொல்லியிருப்பாங்க." ஒரு சொட்டு விடாமல் குடித்தாள்.

ஜூலை 20

இப்போதெல்லாம் தலையணையை வாயில் அழுத்திக்கொண்டு இருமுகிறாள். நான் சொல்லவில்லை. சொல்லவில்லை என்பது மட்டும் ஒரு சமாதானமா?

ஆகஸ்ட் 15

மாதா திருநாள். இன்றைக்குக் கடலில் ஒன்பது முழுக்குப் போட்டால் எந்த நோயும் விலகும் என்று சுற்றுவட்டாரமே வண்டி கட்டிக்கொண்டு வந்திருக்கிறது. கரையில் கால் வைக்க இடமில்லை.

"ஒரு தடவை கால் நனைச்சிட்டு வந்துடட்டுமா அக்கா? முக்காட்டை இழுத்து விட்டுக்கறேன்."

"உன் மூஞ்சியைப் பாத்தா குருடனுக்கும் தெரியும்டி. எல்லாரும் அங்கதான் இருக்காங்க" என்றேன். அப்படியே சொன்னேன். வேறு விதமாகச் சொல்லியிருக்கலாம்.

பிறகு கழுதையை ஓட்டிப்போய் ஒரு பீப்பாய் கடல் தண்ணீர் கொண்டுவந்தேன். வாளியில் ஊற்றி அவள் காலை அதில் வைத்தேன். ஒன்பது முறை கையால் மொண்டு முழங்காலில் விட்டேன். முழங்கால் என்று எங்கே இருக்கிறது, எலும்புதான். "ஊரே கடலைத் தேடிப் போகுது, கடல் என்னைத் தேடி வருது. பெரிய மனுஷி ஆயிட்டேன்" என்றாள். நான் அழுதேன். அவள் பார்த்தாள்.

ஆகஸ்ட் 28

ஹார்ட்டிகன் அம்மாள் காலையில் கேட்டாள். வெயில் நன்றாக அடிக்கிறதாம், பிள்ளைகளுக்குக் கன்னம் சிவந்திருக்கிறதாம், செப்டம்பர் பதினான்கு வரை இருந்துவிட்டுப் போகட்டுமா என்று.

இல்லை என்று சொல்ல எனக்கு வாய் இல்லையா? அக்கம்பக்கத்தில் எத்தனை வீடு காலியாகக் கிடக்கிறது, அங்கே போங்கள் என்றால் போயிருப்பாள். ஆனால் ஏன் என்று கேட்பாள். அடுத்த வருஷமும் அங்கேயே இறங்குவாள். இதெல்லாம் ஒரு நொடியில் ஓடியது. "சரிம்மா" என்றேன்.

டீலியாவிடம் சொன்னபோது சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். "ரெண்டு வாரந்தானே. கழுதைக்கு என்ன அவசரம்" என்றாள். இந்த முறை சிரிக்கவில்லை.

செப்டம்பர் 5

ரத்தம். துணியைத் துவைத்துக் கொடியில் போடாமல் அடுப்படியிலேயே உலர்த்தினேன்.

செப்டம்பர் 14

மூன்று மணி ரயிலில் போனார்கள். பிள்ளைகள் எனக்கு முத்தம் கொடுத்தார்கள். ரயில் ஊதியதுதான் தாமதம், டால்ட்டி அம்மாளைக் கூப்பிட்டேன். டீலியாவை மாடிக்குத் தூக்க அவள் காலைப் பிடித்தாள், நான் தோளைப் பிடித்தேன். ஒருத்தியே தூக்கியிருக்கலாம். அவ்வளவுதான் கனம்.

முன்னறையில் படுக்கையை மாற்றி, ஜன்னலை முழுக்கத் திறந்து வைத்தேன். டீலியா கண்ணை மூடாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அக்கா, இப்ப சத்தமா இருமலாமா?"

"இருமுடி. ஊரே கேக்க இருமு."

முயன்று பார்த்தாள். சத்தமாக இரும அவளிடம் தெம்பு இல்லை.

செப்டம்பர் 16

காலை பத்தரை மணிக்கு டீலியா போய்விட்டாள். ஜன்னல் திறந்திருந்தது.

செப்டம்பர் 19

அடக்கம் முடிந்தது. துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும், யாரும் சொல்லிக்கொடுக்காமலே, "குளிர் ஜுரம், பாவம்" என்றார்கள். எல்லா வீட்டிலும் அறை வாடகைக்கு உண்டு. டால்ட்டி அம்மாள் காதோடு சொன்னாள்: "மெத்தையைக் கடல்பாசி எரிக்கிற குழியில போட்டுடு. அங்க எப்பவும் புகைதானே, யாரும் கேக்க மாட்டாங்க." போட்டேன். முன்னறைக்கும் கொட்டகைக்கும் சுண்ணாம்பு அடித்தேன்.

கல்லறை வாசலில் டாக்டரைப் பிடித்துக்கொண்டேன். "ரெண்டு வாரம் முன்னாடி மேல கொண்டுபோயிருந்தா?"

"ரெண்டு வாரத்துல ஒண்ணும் ஆகியிருக்காது நோனி."

"நீங்க சொன்னீங்களே, ஜூன் ஒன்பதாம் தேதி. அன்னிக்கே கொண்டுபோயிருந்தா?"

அவர் குதிரையை அவிழ்த்துக்கொண்டிருந்தார். ஏறிப் போய்விட்டார்.

நான்தான். வேறு யார்.

ஜனவரி 6, 1910

முன்னறையில் படுத்துப் பார்த்தேன். தூக்கம் வரவில்லை. கடல் சத்தம் தாங்கவில்லை.

மே 30

கொட்டகைக்கு மாறியாயிற்று. கட்டிலை ஒருத்தியாகவே இழுத்தேன்.

ஜூலை 2

ஹார்ட்டிகன் குடும்பம் வந்துவிட்டது. அதே முன்னறைதான் வேண்டும் என்று பிப்ரவரியிலேயே கடிதம் போட்டிருந்தார்கள். பிள்ளைகள் வளர்ந்திருக்கிறார்கள். நேரே கொல்லைக்கு ஓடிக் கழுதைக்கு ரொட்டி கொடுத்தார்கள்.

சாயங்காலம் அந்த அம்மாள் இறைச்சிப் பொட்டலத்தோடு சமையலறைக்கு வந்தாள்.

"உங்க கழுதைக்குக் குணமாயிடுச்சு போல. இருமல் சத்தமே காணோமே."

"ஆமாம்மா" என்றேன். "குணமாயிடுச்சு."

"நான்தான் சொன்னேனே, ஆளி விதை. அதோட இந்தக் காத்து வேற. இங்க வந்தா எதுவும் தேறிடும்."

ஆமாம் என்று அதற்கும் சொன்னேன். அவள் போன பிறகு டீலியாவின் பெட்டியைத் திறந்து சிவப்பு நூலைத் தேடி எடுத்தேன்.