கரை தெரியாத படம்

பாளையங்கோட்டை
4.2.2025

அன்புள்ள காஜா,

நலம். நீயும் ஷம்ஸியாவும் நலமாயிருக்க வேண்டும். கல்லூரியில் மாதிரித் தேர்வு நடக்கிறது. விடைத்தாள் கட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

எங்கள் இயற்கை நேசர் கழகக் கண்காட்சிக்கு நீ அனுப்பிய நீர்நாய்ப் படத்தைப் பார்த்தோம். தாயும் மூன்று குட்டிகளும். தாயின் மீசையில் நிற்கிற நீர்ச்சொட்டுகூடத் தெரிகிறது. தேர்வுக் குழுவில் ஐந்து பேரும் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தோம். இருபத்தெட்டு வருஷ சிநேகிதன் எடுத்தது என்று எனக்குப் பெருமை.

ஒரு சின்ன விஷயம். படத்தோடு கேமரா தானாகப் பதிந்துவைக்கும் விவரங்களைத் திறந்து பார்த்தோம். நாள், நேரம், சோனி கேமரா என்பது வரை இருக்கிறது. லென்ஸ் பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. லென்ஸ் எவ்வளவு திறந்திருந்தது என்று காட்டும் அப்பெர்ச்சர் எண்ணும் காலி. வந்த அறுபது படங்களில் வேறு எதிலும் இப்படி இல்லை. போன வருஷம் முதல் பரிசு வாங்கிய இருவாட்சிப் பறவைப் படம் கம்ப்யூட்டரில் செய்தது என்று பிறகு தெரிந்ததே, அப்போது செயலாளர் என்று மேடையேறி மன்னிப்புக் கேட்டவன் நான். அதனால் கேட்கிறேன். ஃபோனில் வேண்டாம், எழுத்தில் இருக்கட்டும்.

அன்புடன்,
எஸ்றா

சேரன்மகாதேவி
9.2.2025

அன்புள்ள எஸ்றா,

உன் கடிதம் கிடைத்தது. என் மோட்டார் வைண்டிங் கடைக்குத் தபால்காரர் வந்து எத்தனை காலமாயிற்று! யாரோ வக்கீல் நோட்டீஸ் அனுப்பிவிட்டார்கள் என்று ஷம்ஸியா பயந்துபோனாள். உள்ளே பார்த்தால் கிட்டத்தட்ட அதேதான்.

அந்த லென்ஸ் சோனியுடையது அல்ல. நாற்பது வருஷத்துக்கு முந்தைய கேனன், 200 எம்எம். டவுனில் மூடிய ஒரு ஸ்டுடியோவில் வாங்கினேன். "சோனில கேனனா? என்னலே கூத்து இது" என்று நீ சிரிப்பாய். என் கேமரா உள்ளங்கையில் அடங்குகிற மிரர்லெஸ். பழைய கேமராக்களில் இருக்கிற கண்ணாடிப் பெட்டி உள்ளே இல்லாததால் சென்சாருக்கு முன்னால் இடம் மிச்சம். அந்த இடைவெளிக்கு ஒரு வளையம் மாட்டினால் எந்தக் கம்பெனியின் பழைய லென்ஸும் உட்காரும். அந்த வளையம் வெறும் இரும்பு, அதில் மின்தொடர்பு கிடையாது. அதனால் தன் முகத்தில் என்ன மாட்டியிருக்கிறது என்று கேமராவுக்கே தெரியாது. லென்ஸ் பெயரை அது எப்படி எழுதும்?

ஃபோகஸும் கையால்தான். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே முடி அளவுக்குத் திருக வேண்டும். மூன்று விடியல் சேற்றில் குப்புறக் கிடந்தேன். "எரும கூட எந்திரிச்சு வீட்டுக்கு வந்துரும், நீங்க வர மாட்டிய போல" என்றாள் ஷம்ஸியா.

ஃபோனிலேயே கேட்டிருக்கலாம்லே.

காஜா முகைதீன்

பாளையங்கோட்டை
17.2.2025

அன்புள்ள காஜா,

உன் விளக்கத்தைக் குழுவில் படித்துக் காட்டினேன். ஒருவரும் திருப்திப்படவில்லை.

படத்தின் ஓரங்களில் வெளிச்சப் புள்ளிகள் எலுமிச்சை விதைபோல நசுங்கியிருக்கின்றன. மீசையைச் சுற்றி ஊதா நிறத்தில் ஒரு கோடு ஓடுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, பின்னணி முழுக்கக் கூழ். ஒரு பாறை இல்லை, மரம் இல்லை. குழுவில் மாரிசெல்வம் என்று ஒருவர், காட்டுயிர்ப் படம் எடுப்பவர். "அந்தாளு எதையோ மறைக்காரு சார்" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். இடம் தெரிகிற படம் வேண்டும் என்று கேட்பவரும் அவர்தான்.

அதனால் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு நீ விண்ணப்பத்தில் எழுதிய ஆழ்வார்குறிச்சிக்கே போனேன். வெயிலில் இரண்டு மணி நேரம் ஆற்றோரம் நடந்தேன். குளித்துக்கொண்டிருந்தவர்களிடம் விசாரித்தேன். "இங்கன நீர்நாயா? கேள்விப்பட்டதே இல்ல வே" என்கிறார்கள். உன் படத்தில் குட்டிகளின் காலடியில் மட்டும் தெரிகிற செம்மண்ணும் அங்கே கிடையாது.

கோபப்படாதே. கல்லூரி முதலாண்டில் நான் வரைந்த தவளைப் படத்தை உன் ரெக்கார்டு நோட்டில் ஒட்டிக் கொடுத்தவன் நீ. அன்றைக்குச் சிரித்தேன். இப்போது அது ஏனோ மனதில் வந்து நிற்கிறது.

கேமராவில் பதிந்தபடியே, திருத்தாமல் இருக்கும் ரா ஃபைலையும், பின்னணி தெரிகிற இன்னொரு படத்தையும் மாதக் கடைசிக்குள் அனுப்பு. இல்லாவிட்டால் நீக்கப்பட்ட படங்களின் பட்டியலில் உன் பெயரையும் கூட்டத்தில் வாசிக்க வேண்டியிருக்கும்.

எஸ்றா

சேரன்மகாதேவி
22.2.2025

எஸ்றா,

தவளையை நீதான் கொடுத்தாய். டைபாய்டில் கிடந்தேன். "வச்சுக்கோலே, நான் வேற வரஞ்சுக்கிடுதேன்" என்றாய். கொடுத்ததை மறந்துவிட்டாய், நான் ஒட்டியது மட்டும் உனக்கு நினைவிருக்கிறது.

அந்த வயசான லென்ஸை முழுக்கத் திறந்து எடுத்தால் ஓரத்து வெளிச்சம் நசுங்கும், ஊதாக் கோடும் விழும். இந்தக் காலத்து லென்ஸில் அதையெல்லாம் சரிசெய்துவிட்டார்கள். கடைக்கு வா, சுவரில் தொங்குகிற காலண்டரைப் படம் எடுத்தே காட்டுகிறேன்.

ஆனால் ஒன்றில் நீ சந்தேகப்பட்டது சரி. இடம் பொய். ஆழ்வார்குறிச்சி இல்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஆற்றில் வேறொரு மடக்கில் ஒரு நீர்நாய்க் குடும்பம் இருந்தது. யாரோ வீடியோ எடுத்து ஊர் பெயரோடு போட்டார்கள். வேடிக்கை பார்க்கக் கூட்டம் வந்தது. வலையைக் கிழித்து மீனைத் தின்கிறது என்று முன்பே கடுப்பில் இருந்தவர்களுக்கு வளை எங்கே இருக்கிறது என்று தெரிந்துபோயிற்று. ஒரே வாரத்தில் எல்லாம் முடிந்தது. அதனால்தான் இந்த முறை அந்த லென்ஸை எடுத்துப் போனேன். முழுக்கத் திறந்தால் பின்னாலுள்ள கரையைக் கரைத்துவிடும். மாரிசெல்வம் சொன்னது உண்மை, மறைக்கத்தான் செய்தேன்.

பென் டிரைவில் ரா ஃபைல் இருக்கிறது. என் உழைப்புக்குச் சாட்சியாக அது போதும். கூடவே அப்பெர்ச்சரை 16-க்குச் சுருக்கி எடுத்த ஒரு படமும் வைத்திருக்கிறேன். அதில் எதிர்க்கரை தெரியும். அதை நீ மட்டும் பார், பார்த்துவிட்டு அழித்துவிடு. கழகத்தை நம்பி அனுப்பவில்லை, உன்னை நம்பி அனுப்புகிறேன். படத்தை விட்டுவிட்டு அந்த மனிதர் ஏன் இடத்தையே கேட்கிறார் என்பதும் எனக்குப் பிடிக்கவில்லை.

காஜா

பாளையங்கோட்டை
3.3.2025

அன்புள்ள காஜா,

நோன்பு தொடங்கியிருக்கும். உன்னையும் ஷம்ஸியாவையும் ஜெபத்தில் நினைத்துக்கொள்கிறேன்.

சந்தேகம் தீர்ந்தது. முதல் பரிசு உனக்குத்தான்! என் மேல் வருத்தம் இருக்கும். செயலாளர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால் உனக்கும் புரியும்.

ரா ஃபைலைக் காட்டியும் இரண்டு பேர் முணுமுணுத்துக்கொண்டேயிருந்தார்கள். சிநேகிதனுக்காக நான் வளைந்துகொடுக்கிறேன் என்ற பேச்சு வந்தது. அதனால் அந்த இன்னொரு படத்தையும் இரண்டே நிமிஷம் சுவரில் போட்டுக் காட்டினேன். யாரும் பிரதி எடுக்கவில்லை. பார்த்ததும் மாரிசெல்வம், "இது சேரன்மாதேவி பம்ப் ரூம்லா! எங்க மாமனார் வயலுக்கு எதுத்த கரை" என்றார். எல்லோரும் சிரித்துவிட்டோம். பயப்படாதே, எல்லாரும் இயற்கை மேல் அக்கறை உள்ளவர்கள். உன் பெயரைக் காப்பாற்றத்தான் செய்தேன்.

பதினாறாம் தேதி மாலை விழா. நோன்பு திறக்க நாங்களே ஏற்பாடு செய்கிறோம். இருவரும் வந்துவிடுங்கள்.

அன்புடன்,
எஸ்றா

பாளையங்கோட்டை
20.3.2025

அன்புள்ள காஜா,

நீ விழாவுக்கு வரவில்லை. மேடையில் இரண்டு முறை உன் பெயரைச் சொல்லி அழைத்தார்கள். கடைசியில் கேடயத்தை நான்தான் வாங்கினேன், என் மேஜைமேல் இருக்கிறது. ஃபோன் அடித்து அடித்து நின்றுபோகிறது. செவ்வாய்க்கிழமை கடைக்கு வந்தேன், பூட்டியிருந்தது. பக்கத்து டீக்கடைக்காரரிடம் கேட்டால், "ஆத்துக்குப் போயிருப்பாரு" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

என்ன நடந்தது? திட்டியாவது எழுதுலே.

எஸ்றா

சேரன்மகாதேவி
6.4.2025

எஸ்றா,

பெருநாள் முடிந்தது. இனிமேலும் எழுதாமல் இருப்பது சரியில்லை.

உன் குழுக் கூட்டம் முடிந்த வாரமே மூன்று கார்கள் வந்தன. எட்டுப் பேர், எட்டுப் பெரிய லென்ஸ்கள். மாரிசெல்வம் வந்திருந்தார். "அண்ணாச்சி, கூடு எங்கன இருக்கு?" என்று கரையில் வலை காயப்போட்டிருந்தவர்களிடம் கேட்டுக்கொண்டிருந்தார். நான் போய்க் கையைப் பிடித்தேன். "உம்ம வீட்டு ஆறா வே?" என்றார். அடுத்த ஞாயிறு நாற்பது பேர். ட்ரோன் ஒன்று வளைக்கு மேலேயே நின்று இரைந்தது.

வலைக்காரர்களுக்கும் இடம் தெரிந்துபோயிற்று. வளையைச் சுற்றியிருந்த நாணலுக்குத் தீ வைத்தார்கள். அவர்களைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. கிழிந்த வலைக்கு யாரும் பதில் சொல்வதில்லை. மறுநாள் விடியுமுன் ஸஹர் சாப்பாடு முடித்து, தொழுதுவிட்டுப் போனேன். வலையில் ஒரு குட்டி செத்துக் கிடந்தது. மற்ற இரண்டையும் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. தாய் இரண்டு விடியல் தண்ணீரில் நின்று விசிலடிக்கிற மாதிரி கூப்பிட்டுக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் அந்தச் சத்தமும் இல்லை. ஷம்ஸியா கூடவே வந்தாள். குட்டியைப் புதைக்க அவள்தான் மண் தோண்டினாள்.

நீ கேள்வி கேட்டது தப்பில்லை. ஏமாந்தவன் கேட்கத்தான் செய்வான். ரா ஃபைல் கையில் இருக்கும்போது அதற்கு மேல் ஒன்றைக் காட்டினாய். என் பெயரைக் காப்பாற்ற என்கிறாய். உன் பெயருக்காக என்று எனக்குத் தோன்றுகிறது. இது என் சந்தேகம். தீர்த்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை.

கண்காட்சியிலிருந்து என் படத்தை எடுத்துவிடு. கேடயம் வேண்டாம்.

போன வியாழக்கிழமை அந்தத் தாயைப் பார்த்தேன். காதோரம் தீக்காயம் இருக்கிறது. ஒரு குட்டி மட்டும் கூட இருந்தது, மீனைப் பிடுங்கித் தின்றது. கேமரா கொண்டுபோகவில்லை. வெறும் கண்ணால் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கே என்று கேட்பாய். உனக்குச் சொல்ல மாட்டேன்.

காஜா முகைதீன்