மூச்சை வெட்டாதே

இன்று காலை பரணிலிருந்து கம்பளிகளை இறக்கினேன். உதறியதும் அதிமதுர வாசனை வந்தது. ரோட்டில் போகும் கன்டெய்னர் லாரிச் சத்தம் மைக்கில் ஏறாமலிருக்க அறையைச் சுற்றி நாம் தொங்கவிட்ட அதே கம்பளிகள். நீ வாயில் அதிமதுரக் குச்சியை அடக்கிக்கொண்டு இவற்றின்மேல் சாய்ந்து உட்கார்ந்திருப்பாய். துவைக்கத்தான் எடுத்தேன். துவைக்க மனம் வராமல் மறுபடியும் ஆணியில் மாட்டிவிட்டேன். நாளைக்கு ரெக்கார்டிங் இருக்கிறது. அதை உன்னிடம் சொல்லாமல் தொடங்க எனக்குத் துணிச்சல் இல்லை.

உன் குரலை முதலில் சர்ச்சில்தான் கேட்டேன். தோழி ஒருத்தியின் கல்யாணத்துக்கு வந்திருந்தேன். பூசையில் நீ பைபிள் வாசகம் வாசித்தாய். சாப்பாட்டுப் பந்தியில் உன்னைத் தேடிப்பிடித்து, "ஆடியோ புத்தகம் வாசிக்க வர்றியா?" என்று கேட்டபோது, "நான் சிப்காட்ல டப்பா மூடுறவ. என் கொரல எவன் கேப்பான்?" என்று சிரித்தாய். ஆனால் அடுத்த வார லீவிலேயே வந்து நின்றாய். பள்ளிப்பட்டுப் பக்கத்து எழுத்தாளர் ஒருவரின் நாவல். செங்கல் சூளையை விட்டு மகளை இழுத்துக்கொண்டு ஓடுகிற அலமேலுவின் கதை. முதல் பக்கத்தை வாசித்துவிட்டு, "இவள எனக்குத் தெரியும்டி" என்றாய். யாரையோ நினைத்துக்கொண்டு சொன்னாய். யாரென்று நான் கேட்கவில்லை.

விளம்பரம் என்று நான் போஸ்டரும் ரீல்ஸுமாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். நீ கம்பெனி பஸ் டிரைவரிடம் சண்டை போட்டு, சினிமாப் பாட்டை நிறுத்தி, முதல் அத்தியாயத்தைப் போட வைத்தாய். கவரப்பேட்டை தாண்டுவதற்குள் பஸ்ஸே அடங்கிவிட்டதாம். மறுநாளிலிருந்து உன் லைனில் இருந்த பெண்களெல்லாம் "அப்புறம் இன்னா ஆச்சு?" என்று உன்னைப் பிடுங்க ஆரம்பித்தார்கள். நான் காசு செலவழித்துச் செய்த விளம்பரத்தால் அதில் கால்வாசிப் பேர்கூட வரவில்லை. அந்தப் பொறாமை எனக்குக் கொஞ்ச நாள் இருந்தது.

நமக்குள் பெரிய சண்டை வந்தது மூச்சால்தான். புத்தகத்தை வெளியிடும் ஆப் கம்பெனியிலிருந்து, "வாசிப்பவரின் மூச்சுச் சத்தம் அதிகம், நீக்கி அனுப்பவும்" என்று எழுதியிருந்தார்கள். நானும் ஒவ்வொரு மூச்சாக வெட்டியெடுத்து, சுத்தமாகத் துடைத்த அத்தியாயத்தை உனக்குப் போட்டுக் காட்டினேன். நீ ஹெட்போனைப் பிடுங்கி மேஜையில் வைத்தாய்.

"இன்னாடி பண்ணி வெச்சிக்கீற? ஓடிக்கினு பேசுறா அவ. மூச்சு வுடாம எவ ஓடுவா? பொணமா?"

"ரிஜெக்ட் பண்ணிடுவாங்கடி."

"பண்ணட்டும். மூச்ச வெட்டாத. அவ்ளோதான்."

பிடிவாதத்தில் உன்னை மிஞ்ச ஆளில்லை. சத்தத்தை மட்டும் கொஞ்சம் தணித்து, மூச்சை அப்படியே விட்டு அனுப்பினேன். முனகிக்கொண்டே ஏற்றுக்கொண்டார்கள்.

பிறகு அந்த மூச்சு மாற ஆரம்பித்தது. வாக்கியத்தின் முடிவில் விட வேண்டியதை நீ நடுவிலேயே விட்டாய். மானிட்டரில் ஓடும் அலைகளில் எனக்கு அது முதலில் தெரிந்தது. "தூசி" என்றாய், "பனி" என்றாய். சென்னையில் பெரிய டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, நுரையீரல் சுருங்கிக்கொண்டே வருகிறது என்றார். அதிகம் பேசக்கூடாது என்றும் சொன்னார். அதைக் கேட்டபின் நான் மைக்கைக் கழற்றிப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். நீ மாடிப்படி ஏறி வந்து, கதவருகே நின்று, மூச்சு வாங்கி முடிக்கும்வரை என்னை முறைத்துப் பார்த்தாய்.

"அந்தப் பொண்ணுங்க முடிவு கேக்குறாங்க. நான் இன்னா பதில் சொல்றது? பெட்டியத் தொற."

திறந்தேன். வேறென்ன செய்வேன். விரலில் மாட்டும் ஆக்ஸிஜன் கருவியை மாட்டிக்கொண்டுதான் அதன்பிறகு வாசித்தாய். அதில் எண் இறங்க இறங்க என் கண் அதைவிட்டு நகராது. "என் வெரலப் பாக்காத, உன் வேலையப் பாரு" என்று அதட்டுவாய். ஒரு பத்தி வாசிப்பாய், கண்ணை மூடி உட்காருவாய், அடுத்த பத்திக்குக் கையைக் காட்டுவாய். அதே சமயம் கூட்ஸ் ரயில் போனால் அந்தப் பத்தியே வீண். அப்போது நான் ரயில்வேக்காரர்களைத் திட்டிய திட்டு உனக்கே சிரிப்பு மூட்டும், சிரித்தால் இருமல் வரும். ஒவ்வொரு நாளும் நீ படியிறங்கிப் போன பிறகுதான் எனக்கு உயிர் வரும்.

கடைசி இரண்டு அத்தியாயம் மிச்சமிருக்கும்போது ஆஸ்பத்திரிக்குப் போனாய். திரும்பவில்லை.

காரியங்கள் முடிந்து கொஞ்ச நாளில் ஆப் கம்பெனியிலிருந்து போன் வந்தது. உன் குரல் அவர்களிடம் போதுமான அளவு இருக்கிறதாம். மிச்சத்தை மெஷினே உன் குரலில் வாசித்துவிடுமாம். உன் வீட்டுக்காரர் சம்மதித்தால் போதும். "இல்லைன்னா முழுப் புத்தகத்தையும் வேற ஆளை வெச்சு முதல்லேர்ந்து பண்ணணும் மேடம். ஒரே புக்ல ரெண்டு குரல் வராது." அதாவது, நீ உயிரைக் கொடுத்து வாசித்ததெல்லாம் குப்பைக்குப் போகும். மாதிரிக்கு ஒரு பக்கமும் அனுப்பினார்கள்.

உண்மையைச் சொல்கிறேன், கேட்டதும் சந்தோஷப்பட்டேன். நீதான். நோய்க்கு முந்தைய நீ. கண்ணைத் துடைத்துக்கொண்டு, நேராக உன் வீட்டுக்குப் போனேன். இதற்குச் சம்மதித்துவிடலாம், உன் உழைப்பு பிழைக்கும் என்ற நினைப்பில்தான் போனேன்.

உன் வீட்டுக்காரர் அப்போதுதான் ஷிப்ட் முடித்து வந்திருந்தார். முகம்கூடக் கழுவவில்லை. போனைக் கையில் வாங்கி, காதோடு வைத்துக் கேட்டார். முதலில் முகம் மலர்ந்தது. பிறகு நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தார். கழுத்து நரம்பெல்லாம் புடைத்துக்கொண்டது. எனக்குப் பயமாகிவிட்டது.

"நிறுத்தும்மா. நிறுத்து."

போனை வாங்கி நிறுத்தினேன். "இன்னாண்ணா ஆச்சு?"

"மூச்சே வுட மாட்டேங்கிறாம்மா. எப்ப வுடுவா, எப்ப வுடுவான்னு பாத்துக்கினே கீறேன். ஆஸ்பத்திரில உக்காந்துக்கினு பாத்தேனே, அப்டியே கீது."

நானும் இன்னொரு முறை கேட்டேன். ஒரு பக்கம் முழுக்க, ஒரே சீராக, ஓரிடத்திலும் மூச்சு இல்லை. நான் வேண்டுமானால் அதிலும் மூச்சு வைக்கச் சொல்லிக் கேட்டிருக்கலாம், வைத்துக் கொடுத்திருப்பார்கள். அவர் முகத்தைப் பார்த்த பிறகு எனக்கு அது தேவைப்படவில்லை.

அன்றே வேண்டாம் என்று எழுதினேன். அடுத்து வந்தது ஒரு பெரிய இழுபறி. உன் குரலை நீக்கினால் நாவலையே திரும்பப் பெற்றுக்கொள்வதாக எழுத்தாளர் சொன்னார், நல்ல மனுஷன். கடைசியில், நீ வாசித்தது அப்படியே இருக்கட்டும், மிச்சத்தை வேறொருவர் வாசிக்கட்டும், கேட்பவர்கள் குறை சொன்னால் புத்தகத்தை எடுத்துவிடுவோம் என்று கம்பெனியில் இறங்கி வந்தார்கள். எடுத்துவிடவும் செய்வார்கள். அந்தக் கத்தி தலைக்குமேல் தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

வாசிக்க நல்ல குரல்கள் எனக்குத் தெரியும். யாரையும் கூப்பிடவில்லை. மைக்குக்கு இந்தப்புறமே இருந்து பழகியவள் நான், என் குரலும் உன் குரலுக்கு உறை போடக் காணாது. இருந்தாலும் அலமேலுவை இதுவரை கொண்டுவந்தவர்கள் நாம் இரண்டு பேர். மிச்சத் தூரம் அவளை அறியாத ஆளிடம் விட எனக்கு மனசில்லை.

நாளை வாசிப்பதற்கு முன்னால் ஒரு வரி சொல்லியாக வேண்டும். கேட்பவர்கள் குழம்பக்கூடாதே. எழுதி வைத்திருக்கிறேன்: 'இதுவரை உங்களுக்கு வாசித்தவள் இப்போது இல்லை. மிச்சத்தை அவளுடைய தோழி வாசிக்கிறாள்.' சின்ன வரிதான். சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து பழகிப் பார்த்தேன். இரண்டாவது வாக்கியம் நன்றாகவே வருகிறது. முதல் வாக்கியத்தின் கடைசிச் சொல்தான் இன்னும் என் வாயில் வரவில்லை.