வயிற்றில் குண்டில்லாத விமானம்

லண்டன், 12.03.1991

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நல்ல சுகம். நீங்களும் அப்பாவும் தங்கச்சி யசிந்தாவும் நம் பதுங்குகுழியும் சுகந்தானே?

என் பிறந்தநாளுக்கு, ஒட்டிச் செய்யும் விமானப்பெட்டி வாங்க மாமா கடைக்குக் கூட்டிப்போனார். அம்மா, கூரை முழுக்கத் தொங்கும் விமானங்கள்! கடைக்காரர் ஒன்றின் மோட்டரை இயக்க, நான் மேசைக்கடியில் புகுந்துவிட்டேன்.

"எடேய், உது விளையாட்டுச் சாமானடா, எழும்பு!"

"சட்டைப் பொத்தான் விழுந்திட்டுது, தேடுறன் மாமா."

பிறகு ஒவ்வொரு பெட்டிப்படத்திலும் விமானத்தின் வயிற்றைப் பார்த்தேன். குண்டில்லாதது ஒன்றுதான், அப்பாவின் வள்ளம்போலக் கடலில் மிதப்பது. அதையே வாங்கி, ஒட்டி, கட்டிலுக்கு மேலே தொங்கவிட்டேன். ஓடி ஒளியாமல், படுத்தபடியே முதன்முறையாக ஒரு விமானத்தை முழுதாகப் பார்த்தேன். எவ்வளவு வடிவு அம்மா!

மாமா தபாலுக்குப் புறப்பட்டுவிட்டார். உங்கள் மூவரின் படங்களையும் சின்னதாக வெட்டி அனுப்புங்கள். என் விமானத்துக்குள்ளே மூன்று இருக்கைகள் காலியாக இருக்கின்றன. ஓட்டுவது நான்தான், ஆனாலும் பயப்படாமல் ஏறுங்கள்.

உங்கள் மகன்,
சிமியோன்