சாலைக்கு வடக்கு

இன்று காலை பேப்பரைப் பிரித்தேன். ஏதோ ஒரு நாட்டில், சட்டம் இயற்றுகிறவர்கள் மூடிய அறைக்குள் கேட்ட ரகசியத்தை வைத்துக்கொண்டு, சேதி வெளியே வருமுன்பே கம்பெனிப் பங்குகளை வாங்கியும் விற்றும் சம்பாதித்திருக்கிறார்களாம். கேட்டதற்கு ஒருவர், "அது என் மனைவி வாங்கியது, எனக்கு ஒன்றும் தெரியாது" என்றிருக்கிறார். படத்தில் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். அந்தச் சிரிப்பை நீயும் நானும் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறோம். அதனால்தான், நீ போய் இத்தனை வருடம் கழித்து உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நம் எம்.எல்.ஏ.வுக்கு மனைவி பெயர் தேவைப்படவில்லை. அவருக்கு ஒரு மைத்துனர் இருந்தார்.

முதல் தேர்தலில் அவரிடம் சைக்கிள்கூடக் கிடையாது. உன் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்துதான் தெருத் தெருவாக ஓட்டுக் கேட்டார். கூலி உயர்வு கேட்டு அடிபட்ட தெரு உன்னுடையது. உங்களுக்காகப் பேச ஒருத்தர் வந்துவிட்டார் என்று தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினீர்கள். உன் அப்பா பண்ணையாளாக இருந்து, குத்தகைக்கு உழுது, கடைசிக் காலத்தில் சொந்தப் பெயரில் வாங்கிய ஒரு ஏக்கர், உங்கள் பேச்சில் மூன்று மா, அந்த நிலத்தின் வரப்பில் நின்று அவர் பேசியது எனக்கு நினைவிருக்கிறது. "இதுல ஒரு பிடி மண்ண எவனாவது தொட்டுப் பாக்கட்டும்!" நீதான் முதலில் கை தட்டினாய்.

இரண்டாவது முறை ஜெயித்து ஒரு வருடம் இருக்கும். பதிவு அலுவலகத்துக்கு எதிரே பத்திரம் எழுதிக்கொண்டிருந்த என் கடைக்கு வந்து, கதவை ஒருக்களித்துச் சாத்தினாய்.

"பாய், உள் விஷயம். வெளில விட்டுடாத."

"சொல்லு."

"ஆத்துத் தலைப்புல மதக மாத்தி அமைக்கிறாங்களாம். இனிமே நம்ம கடைமடைக்குத் தண்ணியே ஏறாதாம். எம்.எல்.ஏ. என்னைய மட்டும் தனியாக் கூப்ட்டு சொன்னாரு. சேதி தெரிஞ்சா ஒருத்தன் வாங்க மாட்டான், இப்பவே வித்துட்டு பொண்ண நர்ஸுக்குப் படிக்க வையின்னாரு."

"யாரு வாங்குறா?"

"அவரு மச்சினரே வாங்கிக்கிறாராம். நட்டமானாலும் பரவால்ல, நம்மாளு நீயின்னு சொன்னாரு பாய்."

உன் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. உள் விஷயம் என்பது அதுவரை பண்ணையார் வீட்டுக்கும் நெல் மண்டிக்கும் மட்டும் போகிற சரக்கு. உங்கள் தெருவுக்கு அது வந்ததே இல்லை. முதன்முதலாக ஒரு பெரிய மனிதர் உன் காதில் குனிந்து பேசியிருக்கிறார். அது பொய்யாக இருக்கும் என்று நீ எப்படி நினைப்பாய்? எனக்கே தோன்றவில்லை. உண்மையைச் சொன்னால், கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

பத்திரம் எழுதிய அன்று நடந்ததை நான் உன்னிடம் சொன்னதே இல்லை. இப்போது சொல்கிறேன்.

நீ எல்லோருக்கும் டீ வாங்கி வரப் போயிருந்தாய். மைத்துனர் தன் கணக்குப்பிள்ளை எழுதிய பத்திர வரைவை நீட்டினார். நிலத்தின் நான்கு எல்லைகளில் தெற்கு எல்லையைப் படித்தேன். "சாலைக்கு வடக்கு" என்று இருந்தது. உன் நிலத்துக்குத் தெற்கே சாலை ஏது? வாய்க்கால் கரைதான். நான் சிரித்துவிட்டேன்.

"என்னங்க, உங்க கணக்குப்பிள்ளை வாய்க்கால் கரையில ரோடு போட்டுட்டாரு?"

அவர் முகம் ஒரு கணம் வெளிறியது. பிறகு என்னைவிடச் சத்தமாகச் சிரித்தார். "தூக்கத்துல எழுதிருப்பான் பாய். மாத்திக்குங்க."

அந்த வட்டாரத்தில் எல்லை எழுதுவதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை என்று எனக்கு ஒரு நினைப்பு. சாலையை அடித்துவிட்டு, "வாய்க்கால் கரைக்கு வடக்கு" என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். நீ டீயோடு வந்தாய். குடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாய்.

அடுத்த வருடம் சட்டசபையில் புறவழிச்சாலை அறிவித்தார்கள். சர்வேயர்கள் வந்து சங்கிலி பிடித்தபோது, அது உன் நிலத்தின் தெற்கு ஓரமாகத்தான் போனது. கணக்குப்பிள்ளை தூங்கவில்லை என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது. சபைக்கு வருமுன்பே வரைபடம் அவர்கள் வீட்டில் இருந்திருக்கிறது. அந்த ஆள் அதைப் பார்த்து ஒழுங்காகத்தான் எழுதியிருக்கிறான். மதகை யாரும் மாற்றவில்லை. அந்த வருடமும் கடைமடைக்குத் தண்ணீர் வந்தது.

அடிக்கல் நாட்ட வந்தார் எம்.எல்.ஏ. கழுத்துக் கொள்ளாத மாலை. கூட்டத்தில் உன்னைக் கண்டுபிடித்து, அந்தச் சிரிப்போடு கேட்டார்: "என்னப்பா, பொண்ணு படிக்குதா?" நா கூசவில்லை அந்த மனிதனுக்கு. உன் வயிற்றில் அடித்துவிட்டு உன் வீட்டு நலம் விசாரிக்கிறான். நீ கும்பிட்டு, "படிக்குதுங்க" என்றாய். அந்தக் கும்பிடு இன்றைக்கும் என் உடம்பைக் கூச வைக்கிறது.

பிறகு அங்கே மனை பிரித்தார்கள். கல் நடுகிற கூலி வேலைக்கு நீயே போனாய். "வேற எடம் கெடைக்கலையாடா?" என்று நான் கத்தினேன். "தெரிஞ்ச மண்ணு பாய், தோண்டச் சுலபமா இருக்கு" என்று சிரித்தாய். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போவதையே விட்டுவிட்டேன்.

கடைசியாகத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்த்தேன். உன் மகள், நர்ஸ் உடுப்போடு, உன் காலடியில் நின்றாள். அவள் மருந்து வாங்கப் போனதும் என் கையைப் பிடித்தாய்.

"பாய், நான் ஏமாளி, விடு. நீ எழுத்து தெரிஞ்ச ஆளு. உனக்காவது அன்னிக்கி எதுவும் தட்டுப்படலையா?"

"இல்லடா" என்றேன்.

"உனக்கே தெரியலன்னா எனக்கு எங்கேருந்து தெரியும்" என்றாய். உன் முகம் தெளிந்தது. அந்தத் தெளிவோடுதான் போனாய்.

அவர்மேல் உள்ள அருவருப்பை நான் யாரிடம் வேண்டுமானாலும் சொல்லிக் காறித் துப்பிவிடலாம். ஆனால் உனக்கு நான் சொன்ன பதில் தொண்டையிலேயே நிற்கிறது. தட்டுப்பட்டதுடா. நீ டீ வாங்கப் போயிருந்த நேரத்தில், அது என் கைக்கே வந்தது. தப்பு என்று சொல்லி நான்தான் அடித்தேன்.