கடைசித் தட்டு

அன்புள்ள மகனுக்குச் சித்தப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம், அதிலும் போன வாரத்திலிருந்து ஒரு ஆள் கூடுதலாக நலம். நீயும் அங்கே குளிருக்குப் போர்த்திக்கொண்டு வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் அப்போதே சொன்னேன். பெண் குழந்தை என்று சொன்னேன், மூன்று கிலோவுக்குக் குறையாது என்று சொன்னேன், மூக்கு நம் வீட்டு மூக்காகத்தான் இருக்கும் என்றும் சொன்னேன். யார்கிட்ட சொன்னீங்க என்று உன் அம்மா கேட்கிறார். மனசுக்குள் சொன்னால் அது சொன்னதாகாதா? போனில் விவரமாகப் பேசலாம் என்றால், இந்த ரேடியோ கையில போனைக் குடுத்தா பேட்டரி தீர்ந்துதான் திரும்பி வரும் என்று பிடுங்கிக்கொள்கிறார். அதனால்தான் இந்தக் கடிதம்.

நீ கவலைப்படுவாய் என்று உன்னிடம் ஒரு விஷயத்தை மறைத்துவிட்டோம். இப்போது தாயும் பிள்ளையும் சுகம் என்பதால் தைரியமாக எழுதுகிறேன், உட்கார்ந்துகொண்டு படி. நடுவில் உன் மனைவி ரொம்பவும் இளைத்துப்போனாள். வயிறு மட்டும் வளர்கிறது, ஆள் தேய்கிறாள். துணி காயப்போடும்போது கொடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நிற்பாள், என்னம்மா என்றால் ஒண்ணுமில்ல மாமா, வெயில் என்பாள். மேகம் மூடிய நாளிலும் அவளுக்கு மட்டும் வெயில். நான் யார்? பழைய இரும்புக் கடையில் உட்கார்ந்து உட்கார்ந்து, எதையும் கண்ணால் பார்த்தே எடை சொல்கிறவன், எடை மெஷினே சந்தேகம் வந்தால் என்னிடம்தான் கேட்கும். ஒரு நாள் அவள் எனக்குச் சாப்பாட்டு அடுக்கு கொண்டுவந்தபோது, விளையாட்டுப் போல அவளை மெஷின் மேல் ஏறி நிற்கச் சொன்னேன். போன மாதமும் ஒரு தடவை ஏறியிருந்தாள், அன்று நின்ற இடத்திலேயே முள் நின்றது. உள்ளே ஒரு உயிர் வளர்கிறதே, அதற்கான எடை எங்கிருந்து போகிறது? இவளிடமிருந்துதான். அப்புறம் அவள் கொண்டுவந்த அடுக்கைத் தூக்கிப் பார்த்தேன் மகனே, கார் எஞ்சின் மாதிரி கனம். அத்தனையும் எனக்கு ஒருத்தனுக்கு.

மறுநாள் வீட்டிலேயே சாப்பிட்டு முடித்துக் கடைக்குக் கிளம்பியவன், சாவியை மறந்த மாதிரி பாதியில் திரும்பி வந்தேன். போலீஸ் வேலைக்குப் போயிருந்தால் எங்கேயோ இருந்திருப்பேன். சமையலறையில் அவள் தனியாக உட்கார்ந்து பானையைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். தட்டில் அடிச்சோறு, அதன் மேல் பருப்பைத் தொட்டுவிட்டு வந்த தண்ணீர். முட்டையெல்லாம் எனக்கும் உன் தம்பிக்கும் போயாயிற்று. யாரும் அவளைப் பட்டினி போடவில்லை, தப்பாக நினைத்துவிடாதே. நம் வீட்டில் சமைக்கிறவர் கடைசியில் சாப்பிடுவார், மிஞ்சியதைச் சாப்பிடுவார், அவ்வளவுதான். உன் அம்மாவும் வந்த நாளிலிருந்து அப்படித்தான். போதாக்குறைக்கு அவர் மனசில் ஒரு பயம் வேறு. நீ பிறந்தபோது தலையும் பெரிசு உடம்பும் பெரிசு, அவர் செத்துப் பிழைத்தார். பிள்ளை சின்னதா இருந்தா சுலபமா வந்துரும், நான் பட்டதை இவ படவேணாம் என்று சொல்லிச் சொல்லி, பாசத்தில்தான் அவளுக்கு அளந்து போட்டார்.

உடனே எல்லோரையும் கிளப்பிக் கிளினிக்குக்குப் போனேன். கூட்டம் என்றால் நானூறு பேர், சரி, நாற்பது பேர். முட்டி வலிக்கிறது என்று உன் அம்மா வெளிப் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டார், நானும் உன் மனைவியும் மட்டும் உள்ளே போனோம். நர்சம்மா கண் இமையை இழுத்துப் பார்த்தார், விரலில் குத்திச் சோதித்தார், ரத்தம் குறைவு என்றார். அரைவயித்துக்குச் சாப்பிட்டா பிரசவம் சுலபமாகாது, பெத்துக்கத் தெம்புதான் இருக்காது, பிள்ளையும் நோஞ்சானா பிறக்கும் என்று சொல்லி இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தார், டீயோட போடாதீங்க என்றார். இரும்பு நம் இலாகா ஆயிற்றே, நானும் நாலு வார்த்தை எடுத்துச் சொன்னேன், நர்சம்மா அசந்துபோனார். அப்போதுதான் டாக்டரம்மா வந்தார். என்ன கம்பீரம்! கண்ணாடியைக் கழற்றிவிட்டு மேஜையில் ஒரு அடி அடித்தார் பார், பேனா மூடி எகிறி ஜன்னலில் பட்டது. உங்க வீட்ல யாரு அதிகமா திங்கிறது என்று கேட்டார், நான் தரையைப் பார்த்தேன். இனிமே பிள்ளைத்தாச்சி முதல்ல சாப்பிடணும், கூட மாமியாரும் உக்காரணும், அதிகமா திங்கிறவன் கடைசில திங்கணும், இது என் உத்தரவு என்றார். வெளியே வந்து ஒரு எழுத்து விடாமல் உன் அம்மாவிடம் ஒப்பித்தேன். உன் மனைவிக்கு அந்த நேரம் பார்த்து இருமல் வந்துவிட்டது, கையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். உன் அம்மாவுக்கு நர்சு சொன்னால் சின்னப் பெண் பேச்சு, டாக்டர் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. ஆனாலும் பிள்ளை பெருத்துட்டா என்ன பண்றது தம்பி என்று மெதுவாகக் கேட்டார். பெருத்தா பாத்துக்கத்தான் நாங்க இருக்கோம்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க அண்ணி என்றேன்.

அன்றைக்கே உத்தரவு அமலுக்கு வந்தது. உன் மனைவி தட்டில் கெட்டிப் பருப்பு, கீரை, முட்டை. பரிமாறிவிட்டு உன் அம்மா வழக்கம்போல ஓரமாக நின்றார். நீங்களும் உக்காருங்க அத்தை, டாக்டரம்மா சொல்லியிருக்காங்கல்ல என்று உன் மனைவி கையைப் பிடித்து இழுத்தாள். ஆவி பறக்கிற சோற்றை உன் அம்மா சாப்பிட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான். முதல் வாயிலேயே நாக்கைச் சுட்டுக்கொண்டார், பழக்கமில்லை பார். நானும் உன் தம்பியும் கதவோரத்தில் நாய்க்குட்டிகள் மாதிரி உட்கார்ந்திருந்தோம். ஏன் சித்தப்பா, அந்த டாக்டரம்மாவுக்கும் உங்களுக்கும் ஏதாவது பழைய பகையா என்று அவன் கேட்டான். பேசாமல் வாசனையைப் பிடிடா என்றேன். என் பெல்ட்டில் புது ஓட்டை போடவேண்டி வந்தது, அதைப் பற்றி இந்த வீட்டில் ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அடுத்த முறை அவள் மெஷினில் ஏறியபோது முள் நகர்ந்தது மகனே! கடைக்கு வந்தவன் போனவனுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தேன். அப்புறம் நகர்ந்துகொண்டேதான் இருந்தது. அவள் கொடியைப் பிடித்துக்கொண்டு நிற்பதும் நின்றது.

வலி எடுத்த அன்று இடி மின்னல், ஊரே வெள்ளம், அதாவது தூறல். உன் தம்பியின் வண்டியில் கொண்டுபோனோம். உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தார், சாப்பிட வச்சது நான், ஏதாவது ஆச்சுன்னா இவன் முகத்துல நான் எப்படி முழிப்பேன் என்றார். இவன் என்றது உன்னைத்தான். கொஞ்ச நேரம் நான் என் பெல்ட் ஓட்டைகளையே எண்ணிக்கொண்டிருந்தேன், நம்பமாட்டாய். அப்புறம் உள்ளேயிருந்து ஒரு அழுகை, கூரைத் தகரம் அதிர்கிற அழுகை. மூன்று கிலோவும் கொஞ்சமும். உன் மனைவி களைத்திருந்தாலும் தெளிவாகக் கேட்ட முதல் கேள்வி, சாப்பிட என்ன இருக்கு அத்தை?

இன்னும் கேள். பார்க்க வந்த பக்கத்து வீட்டம்மா, பெத்த உடம்புக்குக் கஞ்சித் தண்ணி போதும், கனமா குடுக்காதீங்க என்றார். உன் அம்மா நிமிர்ந்து பார்த்தார். பால் குடுக்கிறவ முதல்ல திங்கணும், டாக்டரம்மா உத்தரவு, உங்க வீட்லயும் மருமக முழுகாம இருக்காளே, அங்க யாரு அதிகமா திங்கிறது என்று கேட்டார். அவ்வளவுதான், உத்தரவு தெருவில் இறங்கிவிட்டது. இப்போது அடுத்தடுத்த வீடுகளில் எல்லாம் ஆம்பளைகள் கதவோரம்தான். நேற்று மாத்திரை வாங்கப் போனேன், நர்சம்மா என்னைக் கூப்பிட்டு, புதுசா டாக்டரம்மா உத்தரவு ஒண்ணு வந்திருக்காம், பொம்பளைங்க முதல்ல சாப்பிடணுமாம், நீங்களும் வீட்ல போய்ச் சொல்லுங்க என்றார். அப்படியாம்மா, நல்ல விஷயமாச்சே என்று கேட்டுக்கொண்டேன்.

உன் அம்மா போனில் டாக்டரம்மாவைப் புகழ்ந்ததைக் கேட்டு, நீ வரும்போது அவரைப் பார்த்து நன்றி சொல்லவேண்டும், ஏதாவது வாங்கி வரட்டுமா என்று உன் அம்மாவிடம் கேட்டாயாமே. அது வேண்டாம். உன் மனைவிக்கு மட்டும் தெரிந்ததை உனக்கும் சொல்லிவிடுகிறேன், அம்மா காதுக்குப் போகக்கூடாது, குழந்தை பால் மறக்கிற வரைக்குமாவது இந்த உத்தரவு நிற்கவேண்டும். கடவுள் மூன்று பேரையும் நன்றாக வைக்கட்டும், உன் மகள் உன்னைவிடப் பெரிய தலையோடு நூறு வருஷம் இருக்கட்டும். வருகிற அன்று வழியிலேயே எதையாவது தின்றுவிட்டு வா, கதவோரத்தில் உனக்கும் இடம் போட்டு வைத்திருக்கிறேன். மற்றபடி நான் எழுதியதெல்லாம் சத்தியம், பேனா மூடியைத் தவிர, மேஜையைத் தவிர. டாக்டரம்மா அன்றைக்குக் கிளினிக்குக்கு வரவே இல்லை.

இப்படிக்கு,
இந்த வீட்டில் அதிகமாகத் தின்கிற,
உன் சித்தப்பா